கொமால் மலையின் பத்துக் கட்டங்கள்

ஜனவரி 13

பத்தில் மூன்று.

போன ஜனவரியில் ஆறு. இந்த வேலையை நான் எடுத்துக்கொண்ட முதல் வருடம் பத்துக்குப் பத்து. அப்போது எனக்கு எண்ணவே சலிப்பாக இருந்தது. இப்போது எண்ணுவதற்கே அதிகமில்லை.

காலை ஏழு மணிக்கே மலையில் இருந்தேன். புல் நுனியெல்லாம் பனி உறைந்து வெள்ளையாக விறைத்து நின்றது. முயல் புழுக்கை எண்ணுவதற்குக் குறித்த பத்துக் கட்டத்தில், ஒன்று முதல் ஏழு வரை பைன் மரங்களுக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். முதுகு இன்னும் நிமிரவில்லை. அந்த ஏழிலும் ஒன்றுமில்லை. இரண்டு இடத்தில் வெள்ளைவால் முயலின் புழுக்கை கிடந்தது. அது உருண்டை, பெரிசு, அதைச் சேர்க்கக் கூடாது. நான் எண்ணுவது தெபோரிங்கோ என்கிற எரிமலை முயலை; அதன் புழுக்கை சின்னது, மாத்திரை மாதிரி சப்பட்டை, புதுசாக இருந்தால் பச்சை கலந்த மஞ்சளில் பளபளக்கும். எட்டு, ஒன்பது, பத்தில் மட்டும் அது இருந்தது. மரம் இல்லாத மேல் விளிம்பு அது. பெரிய பெரிய குத்தாக சகத்தோன் புல் இன்னும் நிற்பது அங்கே மட்டும்தான்.

எண்ணி முடித்ததும் துடைப்பத்தால் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளினேன். பெருக்கினால்தான் அடுத்த மாதம் கிடப்பது புதுசு என்று தெரியும். ஊரில் எனக்கு 'முயல் கக்கூஸ் பெருக்கறவ' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது தோன் மௌரோ. பொதுநிலத் தலைவர். இந்த வேலையைக் கொடுத்ததும் அவர்தான், அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இறங்கும்போது என் பிள்ளை சவுலின் மரத்தைத் தொட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் கட்டத்தில் நிற்கிறது. தகரத் தகட்டில் அவன் பெயர் மங்கிவிட்டது. பெயின்ட் வாங்க வேண்டும்.

ஜனவரி 14

பெயின்ட் வாங்க மறந்தேன்.

ஜனவரி 29

ஒன்றைக் கண்ணால் பார்த்தேன்! எட்டாம் கட்டத்துக்கு மேலே, எரிமலைக் கல்லின் மீது, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்து ஐந்து மாதம் இருக்கும்.

எவ்வளவு சின்னது. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வால் என்று ஒன்று இல்லவே இல்லை. காது எலிக்குப் போல வட்டமாக, குட்டையாக. முதன்முதலில் பார்த்தபோது இதெல்லாம் ஒரு முயலா என்று சிரித்தேன். மிளகாய்ச் சாற்றில் போட்டால் இரண்டு பேருக்குக் காணாது என்றுதான் அன்று தோன்றியது. இன்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அது தலையைத் தூக்கிக் கீச்சென்று கத்தியது. மற்ற முயல் எதுவும் இப்படி வாய் திறந்து பேசாது. இது பேசும். கூட்டமாக, மூன்று நான்காகச் சேர்ந்து இருக்கிற ஜாதி. ஒன்று கத்தினால் புல்லுக்குள்ளிருந்து இன்னொன்று பதில் கத்த வேண்டும். காத்திருந்தேன். அதுவும் காத்திருந்தது. பதில் வரவில்லை. இரண்டாவது முறை கத்தியது. பிறகு புல் குத்துகளுக்கு நடுவே அதுகள் ஓடி ஓடிப் போட்ட சுரங்கப் பாதையில் நுழைந்து போய்விட்டது.

தனியாக இருக்கிறதோ?

பிப்ரவரி 10

திர்சாவின் கணவர் செலெதோனியோ போய்விட்டார். நுரையீரல். இன்று அடக்கம். திர்சா என் கொமாத்ரே. சவுலுக்கு ஞானஸ்நானத்தில் தாயாக நின்றவள். ஐம்பது பேருக்கு சோளக் கஞ்சி கிண்டினேன், அதனால் அழ நேரமில்லை.

மண் தள்ளி முடிந்த கையோடு அவள் என் காதில் சொன்னாள்: "மழை வந்ததும் அவருக்கு மேல வெச்சிடணும் கொமாத்ரே. இருட்டுல வேணாம். நீ எண்றியே அந்த எட்டாவது கட்டம், அங்க வெளிச்சமா இருக்கும்ல."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பைன். பெரிய தீக்குப் பிறகு ஊர் கூடி எடுத்த முடிவு. முதன்முதலில் வைத்தது சவுலுக்கு. பதினாலு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு மரம் ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறவர்களைவிட மலையில் நிற்கிறவர்களைத்தான் ஊர் அதிகம் நினைக்கிறது.

பிப்ரவரி 17

ரெனாத்தா வந்தாள். பல்கலைக்கழகத்துப் பெண், என் படிவங்கள் போய்ச் சேருவது அவளிடம்தான். என்னோடு பத்துக் கட்டமும் தவழ்ந்தாள். இந்த மாதமும் மூன்று.

நாய், பூனை, சாரல் குறைவு என்று ஏதாவது சொல்வாள் என நினைத்தேன். அவள் ஐந்தாம் கட்டத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். வானம் இல்லை. கிளையோடு கிளை கோர்த்துக்கொண்டு நின்றது.

"இங்க புல் எப்போ கடைசியா பாத்தீங்க?" என்று கேட்டாள்.

யோசித்தேன். நினைவு வரவில்லை. எட்டு வருடமாக இங்கே தரையைத்தான் பார்க்கிறேன், புல் எப்போது போனது என்று தெரியாமல் போயிற்றே! புழுக்கையை எண்ணினேன், புல்லை எண்ணவில்லை.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். இந்த முயல் புல்லை விட்டு நகராது. படுப்பது அதற்குள், ஓடுவது அதற்குள், தின்பது அதன் குருத்தை, குட்டி போடுவது அதன் அடியில். எரிந்தாலும் மூன்று வாரத்தில் அதே குத்திலிருந்து பச்சை வரும், முயலும் திரும்பிவிடும். பைன் நெருக்கமாக வளர்ந்த இடத்தில் எதுவும் திரும்பாது. "நெருப்பு வந்துட்டுப் போயிடும், தோன்யா எர்மெலிண்டா. நிழல் போகாது."

பிறகு கேட்டாள், மேல் விளிம்பில் இனி நட வேண்டாம் என்றும், கீழே ஒரு பட்டையாக முப்பத்துநாலு மரத்தை எடுத்துவிடலாம் என்றும் ஊரில் பேச முடியுமா என்று. பட்டையைக் கையால் காட்டினாள். இரண்டு, மூன்று, நான்காம் கட்டம்.

அவளுக்குத் தகட்டைப் படிக்கத் தெரியும். படித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18

முடியவில்லை.

மார்ச் 6

அடுத்த மலையில் புகை. இடையர்கள் ஆட்டுக்குக் குருத்து வேண்டும் என்று கொளுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் இதே. என் கணவர் நிக்கானோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், கஞ்சி ஆறிப்போனது.

ரெனாத்தா சொன்னதை இன்றுதான் அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் புல்லுதானே என் புள்ளைய எரிச்சுது. அது அழிஞ்சா நான் எதுக்கு அழணும்?" என்றார்.

தீயணைக்கப் போன பதினோரு பேரில் சவுல் சின்னவன். பத்தொன்பது வயது. காற்று திரும்பியது. இடுப்புயரப் புல், காய்ந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அந்த இடம் முழுக்கப் பச்சை. முயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தீ வந்தபோது வளைக்குள் இறங்கியிருக்கின்றன, மேலே எல்லாம் எரிந்து முடிந்ததும் ஏறி வந்திருக்கின்றன. அவற்றுக்கு வளை இருந்தது. என் பிள்ளைக்கு இல்லை.

அன்று அந்த முயல்களைக் கல்லால் அடித்தேன். யாருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஊர்க்கூட்டம். ரெனாத்தாவின் கடிதத்தைத் தோன் மௌரோ வாசித்தார். அவள் வெளியூர், உள்ளே வர அனுமதியில்லை. முப்பத்துநாலு மரம் என்ற இடத்தில் ஒரு சத்தம் எழுந்தது பார்— யார் மரம், எந்த மரம் என்று. யாரோ அவள் தாத்தாவை முதலில் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள் என்றார்கள். சிரிப்பு. திர்சா கறுப்பு முக்காட்டோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், சிரிக்கவில்லை.

தோன் மௌரோ கையைத் தூக்கி அமைதியாக்கினார். நல்ல மனிதர்தான். "காகிதம் சொல்றத விடுங்க. மாசா மாசம் மேல போறது எர்மெலிண்டா. அவளுக்குத் தெரியாததா? நீ சொல்லும்மா. மொயலு கொறையறது மரத்தாலயா, வேற எதாலயாவதா?"

எல்லாரும் திரும்பினார்கள். நான் நிக்கானோரைப் பார்த்தேன். அவர் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாய்ங்க," என்றேன். "ராத்திரி அவுத்து விடற நாய்ங்க."

முழுப் பொய்யும் இல்லை. அதுதான் மோசம். நாய் தின்றதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். உடனே எல்லாருக்கும் மூச்சு வந்தது. நாய்களைக் கட்டி வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம். மரம் வெட்டுவது பேச்சிலேயே இல்லை. மழைக்கு மேல் விளிம்பில் ஒன்பது கன்று வைப்பது என்றும் அதே மூச்சில் முடிந்துவிட்டது.

வரும் வழியில் நிக்கானோர் என் பையை வாங்கிச் சுமந்தார். பல வருடமாக அப்படிச் செய்ததில்லை.

ஏப்ரல் 9

திர்சா வீட்டு நாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். விடிய விடிய ஊளை. எனக்காகத்தான் கத்துகிறது என்று படுகிறது.

ஏப்ரல் 14

மூன்று. குறையவில்லை. ஒருவேளை நாய்தானோ? நானே என் பொய்யை நம்பப் பார்க்கிறேன். என்ன பிறவி நான்.

மே 19

மழை தொடங்கிவிட்டது. மப்பாக இருந்ததால் நடுப்பகலிலேயே இரண்டு முயலைப் பார்த்தேன். ஒன்று துரத்த, ஒன்று ஓட, குத்தைச் சுற்றிச் சுற்றி. காதல்தான். வயசானவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற வெட்கம் இல்லை இரண்டுக்கும்.

தனியாக இல்லை! அன்றைக்குக் கத்தியது வீணாகப் போகவில்லை. நாற்பது நாள் சுமக்கும், ஒன்றோ இரண்டோ குட்டி, அதிகம் போனால் மூன்று. ஜூலையில் எதிர்பார்க்கலாம். இந்த மூன்று கட்டமாவது நிற்கட்டும், பிழைத்துக்கொள்ளும் என்று மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டே இறங்கினேன். மூன்று கட்டத்தில் ஒன்பது கன்று வரப்போகிறது என்பதைப் பேரத்தில் சேர்க்கவில்லை.

ஜூன் 16

இரண்டு. பத்தாம் கட்டம் காலி.

ஜூலை 7

நேற்று தோன் மௌரோ வீட்டுக்குப் போனேன். இந்த வருடம் மட்டும் கன்றுகளைக் கிழக்குச் சரிவில் வைக்கலாமே என்று கேட்டேன். ஏன் என்றார். அங்கே மண் நல்லது என்றேன். "கிழக்குச் சரிவுல நிக்கறது பக்கத்து ஊருக்காரங்க, அவங்க யாரையும் இவங்களுக்குத் தெரியாது. செத்தவங்களை அன்னியங்ககூட விட முடியுமா?" என்றார். காப்பி கொடுத்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 20

நடவு நாள். முழுதும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூங்க முடியாது.

ஒன்பது குடும்பம், பாதிரியார், வாத்தியம், கற்றாழைக் கள், பானை பானையாகச் சோறு. நல்ல வெயில். திர்சா தன் கையால்தான் குழி வெட்டுவேன் என்றாள். எட்டாம் கட்டத்தில் பெரிய குத்து ஒன்று இடைஞ்சலாக நின்றது. அதன் தூரில் மண்வெட்டியைப் போட்டாள். நான் ஐந்தடி தள்ளிக் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறுத்து என்று சொல்ல வாய் வந்தது. கணவனுக்குக் குழி வெட்டுகிறவளிடம் எப்படிச் சொல்வது? குத்து பெயர்ந்து சாய்ந்தது.

அடியில் கை ஆழத்தில் ஒரு பள்ளம். காய்ந்த புல், பைன் ஊசி, அதற்கு மேல் தாய் தன் வயிற்றிலிருந்து பிடுங்கி வைத்த ரோமம், பஞ்சு மாதிரி. அதில் இரண்டு குட்டி. கண் திறக்கவில்லை. மண்வெட்டி படவில்லை.

"எலியா?" என்றாள் திர்சா.

"இல்ல கொமாத்ரே."

அவளுக்குப் புரிந்தது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். பாவம், அவள் மேல் என்ன தப்பு. இடம் சொன்னது அவள், ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்றாமல் விட்டது யார்? பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து மூடினேன். கன்றை இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். வாத்தியம் வாசித்தார்கள். எழுபது பேர் அந்தப் புல் முழுக்க மிதித்து நடனம் ஆடினார்கள்.

எல்லாரும் இறங்கிய பிறகும் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தாய் வரவில்லை. இருட்டும் முன் ஒரு முறை கீச்சென்று ஒரு குரல் கேட்டது, வெகு மேலே. நான் இருப்பதால்தான் வரவில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 21

விடிந்ததும் போனேன். சில்லிட்டுக் கிடந்தன.

அங்கேயே விட்டால் நாய்— நாயைத்தான் கட்டிவிட்டோமே. மூஞ்சூறு தின்னும். கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சவுலின் மரத்தடியில் புதைக்கலாம் என்று தோண்டினேன். ஊசி இலை ஒரு சாண் கனத்துக்கு. அதை விலக்கினால் கறுப்பு மண். தோண்டத் தோண்ட ஒரு புல் வேர் வரவில்லை. செத்த வேர்கூட இல்லை. கிளை முடிகிற ஓரத்தில் ஒரே ஒரு குத்து பழுத்து மஞ்சளாகக் கிடந்தது, அதுவும் செத்ததுதான் என்று நினைக்கிறேன்.

என் பிள்ளையின் பெயரில் நான் நட்டது. தண்ணீர் தூக்கி வந்து, ஆடு கடிக்காமல் முள் கட்டி, என் கையால் வளர்த்தது. அது ஒரு தப்பும் செய்யவில்லை. வளர்ந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 28

நிக்கானோரிடம் சொன்னேன். கூட்டத்தில் சொன்னது பொய் என்று.

"தெரியும்," என்றார். பிறகு, "பொய்யாவே இருக்கட்டும்," என்றார்.

ஆகஸ்ட் 15

வெட்டிவிட்டேன்.

இன்று மாதா திருநாள். ஊரே கோயிலில் இருந்தது. ரம்பம் எடுத்துப் போனேன். தண்டு என் தொடை பருமன். நான் நினைத்ததைவிட நேரம் ஆனது. நடு நடுவே அழுதேன், நடு நடுவே ரம்பம் மாட்டிக்கொண்டதற்குத் திட்டினேன், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. பால் வடிந்து கையெல்லாம் பிசின். விழுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து மெல்ல வழுக்கியது. வெயில் நேராகத் தரையில் விழுந்தது. பதினாலு வருடம் கழித்து.

தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் கணக்கு இதுதான்: முதல் மரம் என்னுடையது, ஊரின் முதல் மரமும் அதுதான். அது விழுந்தால் மற்றவர்கள் என்னை நம்புவார்கள். பொய் சொன்னவள் பேச்சை யாரும் கேட்க வேண்டாம், வெட்டினவள் பேச்சைக் கேட்பார்கள் இல்லையா?

ஆகஸ்ட் 16

தகட்டை நிக்கானோர் முன்னால் மேசையில் வைத்தேன். எடுத்துக்கொண்டு எழுந்து போனார். படுக்கையைத் தானியக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார்.

செப்டம்பர் 1

கூட்டம். எல்லாவற்றையும் சொன்னேன். நாய் இல்லை, நிழல் என்று. இரண்டு குட்டியைப் பற்றியும். யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோன் மௌரோ என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பரிதாபம். பிள்ளை போன துக்கத்தில் இத்தனை வருடம் கழித்து புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பொதுநிலத்தில் மரம் வெட்டியதற்கு இருபது நாள் ஊர் வேலை. எண்ணும் வேலையும் போயிற்று.

நாய்களை அவிழ்த்துவிடலாமா என்று யாரோ கேட்டார். அதற்கு மட்டும் கை தூக்கினார்கள்.

முப்பத்துமூன்று மரமும் அப்படியே நிற்கிறது.

செப்டம்பர் 2

திர்சா வீட்டு நாய் ஊளையிடவில்லை. அமைதியாக இருக்கிறது.

அக்டோபர் 13

வேலை போனாலும் இரண்டாவது ஞாயிறு கால் தானாக ஏறுகிறது. ஒன்பதில் கொஞ்சம் இருந்தது, காய்ந்தது, பழசு. ஒன்று என்று எழுதவா, பூஜ்யம் என்று எழுதவா? ஒன்று என்று எழுதினேன். அனுப்ப ஆளில்லாத படிவத்தில் யாரை ஏமாற்றுகிறேன்?

நவம்பர் 2

செத்தவர்கள் நாள். கல்லறைத் தோட்டம் முடிந்து ஊரே சாமந்திப் பூவோடு மலை ஏறியது. நிக்கானோர் வரவில்லை. நான் அடிக்கட்டையில் பூவை வைத்துச் சாம்பிராணி ஏற்றினேன். எல்லாருக்கும் கட்டிப்பிடிக்க ஒரு மரம் இருந்தது.

திர்சா என் பக்கம் வந்தாள். ஜூலைக்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறாள். அடிக்கட்டையைப் பார்த்தாள். "உன் புள்ளைய ரெண்டு தடவை அனுப்பிட்டியே கொமாத்ரே," என்றாள். திட்டுகிற குரலில்கூட இல்லை.

கீழே வந்து நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்தேன்.

நவம்பர் 3

நிக்கானோர் விடியற்காலையில் மண்வெட்டியோடு போனார். கள்ளி வயலுக்கு என்றார். திரும்பி வந்தபோது பூட்ஸில் கறுப்பு மண். எங்கள் வயல் மண் சிவப்பு.

டிசம்பர் 8

வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வேறு யாரும் வரவில்லையாம். தோன் மௌரோ வாசலில் நின்று, "வயசான காலத்துல உனக்கும் ஒரு நடை மாதிரி இருக்கும்," என்றார். முயல் இல்லாத மலையில் முயல் எண்ணும் வேலை. வாங்கிக்கொண்டேன்.

பத்திலும் பூஜ்யம்.

மூன்றாம் கட்டத்தில் இரண்டு விஷயம். செத்தது என்று நான் நினைத்த அந்த ஓரத்துக் குத்து சாகவில்லை. வெயில் பட்ட நாலு மாதத்தில் நடுவிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பச்சை வந்திருக்கிறது. மலையில் பார்த்ததிலேயே அழகான குத்து. ரெனாத்தா சொன்னது சரிதான்! சரியாக இருந்து யாருக்கு என்ன? உள்ளே ஓட ஒன்று இல்லை.

இரண்டாவது, அடிக்கட்டைக்கு ஒட்டி ஒரு பைன் கன்று. ஒரு சாண். பக்கத்தில் குச்சி, குச்சியில் சவுலின் தகடு, புதிதாகப் பெயின்ட் அடித்தது. எழுத்து கோணல், அவருக்குக் கண் சரியில்லை. நவம்பரில் யாராவது கன்று வைப்பார்களா? நாற்பது வருடம் நட்ட மனிதர். பனியில் கருகிவிடும் என்று அவருக்குத் தெரியாதா?

பிடுங்கக் குனிந்தேன். பிடித்தும்விட்டேன். பிறகு விட்டுவிட்டேன். நான் ஏன் பிடுங்க வேண்டும்? பனி பார்த்துக்கொள்ளும்.

டிசம்பர் 25

நிக்கானோர் கொட்டகையிலிருந்து வந்து மேசையில் சாப்பிட்டார். இரண்டாவது ரொட்டி கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 12

பத்திலும் பூஜ்யம். எட்டில் செலெதோனியோவின் கன்று நன்றாக வேர் பிடித்துவிட்டது. கல்லின் மீது உட்கார்ந்து வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டேன். காற்றுதான்.

இரண்டு நாளாகக் கடும் பனி. மூன்றாம் கட்டத்தில் அந்தக் கன்றின் நுனி ஊசிகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. இன்னும் ஒரு இரவு, அதிகம் போனால் இரண்டு. நான் சொன்னபடி பனி பார்த்துக்கொண்டிருந்தது. நின்று நானும் பார்த்தேன். தகட்டில் கோணலாக அவன் பெயர்.

மூடுவதற்குச் சுற்றிலும் ஒன்றுமில்லை, உதிர்ந்த ஊசி இலை காற்றில் நிற்காது. அந்த ஒரு குத்துதான் இருந்தது. அரிவாளால் அடியோடு சேர்த்து அறுத்தேன். நல்ல நீளம், நல்ல பச்சை. கன்றைச் சுற்றி நிறுத்தி, மேலே கூம்பாகச் சேர்த்து, முக்காட்டிலிருந்து நூல் கிழித்துக் கட்டினேன். உள்ளே காற்று போகவில்லை. கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.

சாப்பிடும்போது நிக்கானோர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மேல பனி ஜாஸ்தியா?" என்று கேட்டார்.

"ஜாஸ்திதான். மூடிட்டு வந்துட்டேன்."

உப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.